தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கும் முன்

விருதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அம்மா என்று வீட்டில் நான்கு பேர். தாம்பரத்தில் வாடகை மட்டு என்று யாரோ சொன்னார்களாம். விளம்பரத்தில் பார்த்தால் எல்லா வீடும் "தாம்பரத்துக்கு மிக அருகில்" என்றே இருக்கிறதாம். ஊரைப் பற்றி எதுவும் தெரியாது, ஒரு வாரக் கடைசிதான் கையில் இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்பது கேள்வி.

நான் இந்தப் பக்கம் வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. நாலு வாடகை வீடு மாறி, இப்போது ஐந்தாவதில் இருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தாம்பரம்" என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டிய ஊர் அது. மொத்தம் 70 வார்டு. அனகாபுத்தூர்க்காரரும் மாடம்பாக்கத்துக்காரரும் காகிதத்தில் ஒரே ஊர். ஆனால் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக ஒரு மணி நேரம் ஆகும். அதனால் விளம்பரத்தில் பெயரை விட்டுவிட்டுப் பின்கோடைப் பாருங்கள். 600045 மேற்குத் தாம்பரம். 600059 கிழக்குத் தாம்பரம். 600073 சேலையூர். 600064 சிட்லபாக்கம், 600044 குரோம்பேட்டை, 600063 பெருங்களத்தூர், 600126 மாடம்பாக்கம். புரோக்கர் வாயில் இவை எல்லாமே தாம்பரம்தான். பின்கோடு சொல்லத் தயங்கினால் வீடு அகரம்தென் தாண்டி எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரயில் பாதை. ஊரை இரண்டாக வெட்டுவது அதுதான். கிழக்கில் கிறிஸ்தவக் கல்லூரி, சேலையூர், கேம்ப் ரோடு, வேளச்சேரி சாலை. மேற்கில் ஜிஎஸ்டி சாலை (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை), சண்முகம் சாலை மார்க்கெட், முடிச்சூர் சாலை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து போக ஸ்டேஷன் மேம்பாலப் படியேற வேண்டும். வண்டியென்றால் பெரிய பாலத்தைச் சுற்ற வேண்டும். இங்கே இருப்பவர்கள் காய்கறிக்கோ டாக்டருக்கோ பள்ளிக்கோ தினமும் பாதை தாண்டுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டென்றால் இது சின்ன விஷயமில்லை. எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வீடு அப்புறம்.

கிழக்கா மேற்கா என்பதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. அது தண்ணீர்க் கணக்கு. மழை பெய்தால் மேற்குப் பக்கத் தண்ணீர் பெரும்பாலும் அடையாற்றைத் தேடிப் போகும். கிழக்குப் பக்கத் தண்ணீர் ஏரிக்கு ஏரி இறங்கி, செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு "நகரு"ம் இந்த வழியில் எங்கோ ஒரு படியில் உட்கார்ந்திருக்கிறது. மேல்படியா, கீழ்ப்படியா, வழியின் நடுவிலேயேவா என்பதுதான் கேள்வி. உங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய், மடை, கலுங்கு எல்லாம் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அந்தக் கண்ணோடு இங்கே தெருவைப் பாருங்கள். தெருப் பெயரில் ஏரிக்கரை, கலங்கல், மதகு என்று ஏதாவது இருந்தால் நின்று விசாரியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இருபது வருடம் முன்பு அந்த இடம் என்னவாக இருந்தது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்கவில்லை. 2015 ஏப்ரலில் முடிச்சூர் சாலைப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு எடுத்தோம். அகலமான தெரு, மூன்று பக்கமும் காற்று, வாடகையும் குறைவு. "மழைக்குக் கொஞ்சம் தண்ணி நிக்கும், ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும்" என்றார் ஹவுஸ் ஓனர். வீடு பார்த்த அன்று, படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்தபோது கடைசித் தட்டுக்குக் கொஞ்சம் மேலே உள்பக்கமாக ஒரு பழுப்புக் கோடு நேராக ஓடியிருந்தது. ஈரக்கசிவு என்று நினைத்தேன். ஈரக்கசிவு ஸ்கேல் வைத்துக் கோடு போடாது என்று அப்போது தோன்றவில்லை. சுவருக்கெல்லாம் புதுசாய்ப் பெயிண்ட் அடித்தவர் அலமாரிக்குள் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 1 ராத்திரி. அந்த இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செண்டிமீட்டர் மழை. விடியும்போது சமையலறையில் காலி கேஸ் சிலிண்டர் மிதந்து மிதந்து கதவில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். மாடி வீட்டு அம்மா எங்கள் ஐந்து பேரையும் மேலே ஏற்றிக்கொண்டு மூன்று நாள் சோறு போட்டார். எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைத் திட்டினார்கள். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. ஆற்றோட்டத்தில் முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிறைந்து ஆற்றில் இறங்கிய தண்ணீர். அதற்கப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கால்வாய் கட்டினார்கள். ஆனாலும் 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருக்களில் தண்ணீர் வந்தது. அங்கே வீடே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் தங்கை இப்போதும் அங்கேதான் இரண்டாம் மாடியில் நிம்மதியாக இருக்கிறாள். தரைத்தளம் மட்டும் வேண்டாம்.

கிழக்கே போய்விட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரியை ஒட்டிய தெருக்களில் இதே கதை உண்டு, ஆழம் குறைவு, அவ்வளவே.

ஒரு வீட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். சுவர் அலமாரியின் அடித்தட்டு, படிக்கட்டுக்கு அடியில், காம்பவுண்டுச் சுவரின் பின்பக்கம், இந்த மூன்றும் பெயிண்ட் அடிப்பவர் மறந்துபோகும் இடங்கள். ஈபி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தெருவில் நாலு வீட்டிலும் அது ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் காரணம் இருக்கிறது. வாசலில் புதுசாக ஒரு முழ உயரத்துக்குத் தடுப்புத் திண்டு கட்டியிருக்கிறார்களா? தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? இது முக்கியம். இங்கே பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த ரோட்டைப் போட்டுப் போட்டு, இருபது வருடம் முன்பு இரண்டு படி ஏறிப் போன வீடு இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டது. அப்புறம் இன்னொரு சுலபமான வழி: அதே கட்டடத்தில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் வாடகை என்ன என்று கேளுங்கள். அம்மாவுக்கு வசதி, படியேற வேண்டாம் என்று நல்ல தெருவில் தரைத்தளத்துக்குக் கிராக்கி இருக்கும். நீங்கள் பார்க்கும் கட்டடத்தில் அது வெகு மலிவாகக் கிடைக்கிறதென்றால் தண்ணீர்தான் விலையைக் குறைத்திருக்கிறது.

வேண்டாத தண்ணீரைச் சொன்னேன், வேண்டிய தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். சில புரோக்கர்கள் "மெட்ரோ வாட்டர் இருக்கு" என்பார்கள். மெட்ரோ வாட்டர் என்பது சென்னை மாநகராட்சிக்குத் தண்ணீர் தரும் குடிநீர் வாரியம். தாம்பரம் தனி மாநகராட்சி, தனிக் குழாய். அவர்கள் சொல்வது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை. அது தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மிச்ச நாளெல்லாம் போர் தண்ணீர்தான், கோடையில் லாரி. அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் செயலாளரிடம் ஒரே கேள்வி போதும்: போன மே மாதம் மெயின்டனன்ஸ் எவ்வளவு, போன டிசம்பரில் எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லாரிக் காசு.

போர் தண்ணீரின் தரத்துக்கு லேப் தேவையில்லை. வீடு பார்க்கும்போது குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிப் பாருங்கள். நுரையே வராவிட்டால் உப்பு. ஷவரில் பாதித் துளை வெள்ளையாய் அடைத்திருந்தால் கடும் உப்பு, அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. ஒரு பாட்டிலில் பிடித்து வந்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்பாய்ப் படிந்திருந்தால் இரும்பு; வெள்ளைச் சட்டை ஆறு மாதத்தில் மஞ்சளாகும். குரோம்பேட்டை, நாகல்கேணி, பல்லாவரம் பக்கம் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்ததுதான். தோல் பதனிடும் தொழிலால் அந்தப் பக்கம் சில இடங்களில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது பல ஆய்வுகளில் பதிவானது. அங்கே போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கழிவுநீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை. வராத இடத்தில் செப்டிக் டேங்க், அது நிறைந்தால் கழிவுநீர் லாரி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது டேங்க் வாரத்துக்கு ஒருமுறை நிறையும் கட்டடங்கள் இருக்கின்றன. லாரிக்காரருக்குக் காசு யார் தருவது என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்குப் போவது. உங்களுக்கு இதில் நல்ல செய்திதான். தாம்பரத்திலிருந்து கிண்டி எட்டாவது ஸ்டேஷன். மின்சார ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். இந்தப் பாதையில் மின்சார ரயில் 1931இலேயே ஓட ஆரம்பித்தது, ஊர் இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணமே அதுதான். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிகள் நிறைய உண்டு, அவற்றில் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வருபவை நிரம்பித்தான் வரும். ஒன்றிரண்டு ஸ்டேஷன் தள்ளி சானடோரியத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு எடுத்தால் பயண நேரம் கொஞ்சம் மிச்சம், உட்காரும் வாய்ப்பு போச்சு. ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. பராமரிப்பு வேலை என்று திடீரென்று சிலவற்றை ரத்தும் செய்வார்கள். அதனால் ஞாயிறு வந்து பார்த்து ரயிலைப் பற்றி நல்லதோ கெட்டதோ முடிவு கட்டாதீர்கள்.

ரயில் அரை மணி என்றால், வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு நேரம்? ஆட்களைக் கவிழ்ப்பது இந்த இடம்தான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்டேஷன் வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம்தான். காலை எட்டே காலுக்கு கேம்ப் ரோடு சந்திப்பில் பள்ளி வேன்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எத்தனை நிமிடம் என்று தெரியும். ஒரு வேலைநாள் லீவு போட முடியுமானால் போட்டுவிட்டு, பிடித்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒருமுறை போய், மாலை ஆறரைக்குக் கிண்டியில் ஏறித் திரும்பி வாருங்கள். வேறு எதற்கும் லீவு போடாவிட்டாலும் இதற்குப் போடலாம்.

உங்களைப் போன்ற தென்மாவட்டத்துக்காரர்கள் இங்கே இவ்வளவு பேர் குடியேறியதற்கு இன்னொரு காரணம், ஊருக்குப் போகும் ரயில்கள் தாம்பரத்தில் நிற்பது. எழும்பூர் வரை மூட்டை தூக்க வேண்டாம். பேருந்தென்றால் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் நிலையம், வண்டலூரைத் தாண்டி. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய ராத்திரி பெருங்களத்தூரில் குடியிருப்பவரைக் கேளுங்கள், ஜிஎஸ்டி சாலையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி வாடகையை ஏற்றிக் கேட்பவரும் உண்டு. வந்த பிறகு தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

சேலையூர்ப் பக்கம் விமானப்படைத் தளம் இருக்கிறது. வேலைநாள் காலையில் பயிற்சி விமானமும் ஹெலிகாப்டரும் சுற்றும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குபவர்களுக்குத் திண்டாட்டம். அம்மாவுக்கு மருத்துவம் என்றால் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மூட்டுவலிக்கு எங்கிருந்தெல்லாமோ அங்கே வருகிறார்கள். சானடோரியம் என்ற பெயர் 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடம். இப்போது அந்த வாசலில் நின்றால் ஜிஎஸ்டி சாலைப் புகை. பள்ளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டம்மா ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருப்பார்.

விசாரிப்பது யாரிடம்? புரோக்கரிடமும் ஓனரிடமும் கேட்பது அவர்கள் சொல்ல விரும்புவதைக் கேட்பது. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். எந்த வீட்டில் யார் எத்தனை மாதத்தில் காலி செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று அவருக்கு அத்துப்படி. நான் இப்போது இருக்கும் வீட்டை அவர் பேச்சைக் கேட்டுத்தான் எடுத்தேன். "அந்த மூணாவது வீடு வேணாம்மா, வருஷத்துக்கு ரெண்டு குடித்தனம் மாறுது. இது பாருங்க, இருந்தவங்க சொந்த வீடு கட்டிட்டுத்தான் போனாங்க" என்றார். கேன் தண்ணீர் போடும் பையனும் நல்ல சாட்சி. எந்தத் தெருவுக்கு மழையில் வண்டி போகாது என்று அவனுக்குத்தான் தெரியும்.

எல்லை விஷயம் ஒன்று. முடிச்சூர், மேடவாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் போன்றவை 2021இல் மாநகராட்சி உருவானபோது அதில் சேராத ஊராட்சிகள். தெருவின் ஒரு பக்கம் மாநகராட்சிக் குப்பை வண்டி வரும், எதிர்ப் பக்கம் வராது என்ற நிலையெல்லாம் உண்டு. வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதை வீட்டு வரி ரசீதில் பார்த்துக்கொள்ளலாம். ரசீதைக் காட்டச் சொன்னால் வாடகைக்கு விடுபவர் உண்மையான ஓனர்தானா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பண விஷயம். வாடகை எவ்வளவு என்று தொகை சொல்ல மாட்டேன், நான் சொல்லி முடிப்பதற்குள் மாறிவிடும். அட்வான்ஸ் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை கேட்பார்கள். முன்பு பத்து மாதம் கேட்ட ஊர் இது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் பேசுவது மூன்று மாதக் கணக்கு, அதைச் சொல்லிப் பேரம் பேசலாம். அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பலர் பதிவதில்லை, நீங்கள் கேளுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வீட்டுக்குத் தனி ஈபி இணைப்பா, ஓனர் இணைப்பிலிருந்து சப் மீட்டரா? தனி இணைப்பென்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப் மீட்டர் என்றால் அது ஓனரோடு நின்றுவிடும். உங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குவார்கள். ஏசி போடும் வீட்டில் வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் கணிசமான தொகை.

ஒரு வாரக் கடைசிக்கு நான் போட்டுத் தரும் திட்டம் இது. வியாழன் ராத்திரி விருதுநகரில் ஏறி, வெள்ளிக்கிழமை விடியலில் தாம்பரத்தில் இறங்குங்கள். வேலைநாள் காலை நெரிசலைப் பார்த்துவிடலாம். பகலில் கிழக்கு, மாலையில் மேற்கு, எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் தெருக்களை மட்டும் நடந்து பாருங்கள். நடுவே நேரமிருந்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒரு நடை போய் வரலாம். பழைய கட்டில், பீரோ, ஃபேன், மேசை எல்லாம் கிடைக்கும், குடிவந்த பிறகு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். சனிக்கிழமை, பிடித்த இரண்டு மூன்று தெருக்களில் மட்டும் டூலெட் போர்டைத் தேடுங்கள். ஞாயிறு காலை அதே தெருவுக்கு மறுபடி போய், முந்தின நாள் பார்த்த வீட்டில் இன்னொரு முறை கை கழுவிவிட்டு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வர முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு ராத்திரி மழை பெய்து காலையில் போய் நின்றால் நான் இவ்வளவு நேரம் எழுதியதை அந்தத் தெருவே காட்டிவிடும். செருப்பு மட்டும் ரப்பராகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.